காட்டுப் பூவும் காணி உரிமையும்

திருகோணமலையில் அசேலியா வளராது. இக்கட்டுரை அசேலியாவைப் பற்றியே தொடங்குவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. அச்செடியின் வேர்கள் மண்ணின் மேற்படையிலேயே மெல்லிய நார்களாகப் படர்வன. புளிப்புத் தன்மையுடையதும், இலைமக்கு நிறைந்ததும், ஈரம் காயாததும், ஆயினும் நீர் தேங்காததுமான மண் அதற்கு வேண்டும். இலையுதிர்க்கும் இனங்களுக்குப் பனிக்காலக் குளிரும் இன்றியமையாதது. கோடையில் அடுத்த ஆண்டுக்கான மொட்டை உருவாக்கிக்கொண்டு, பின் இலைகளை உதிர்த்துக் குளிரில் உறங்கி, இளவேனிலில் இலைக்கு முன்னரோ இலையோடு சேர்ந்தோ பூப்பது அவற்றின் இயல்பு. உப்புவெளி, உவர்மலை என ஊர்ப்பெயர்களிலேயே உப்பையும் உவரையும் தாங்கி நிற்கும் நமது துறைமுகப் பகுதியில், மாசி தொடங்கிப் புரட்டாசிவரை கிணற்று நீரையே நம்பியிருக்கும் முற்றங்களில், அச்செடி ஒரு கோடையையேனும் தாண்டுமென்று எதிர்பார்க்க இயலாது.

வேடிக்கை என்னவெனில், அசேலியா என்ற சொல்லுக்கே 'வறண்டது' என்பதுதான் பொருள். அது கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. 1753 இல் சுவீடிய அறிஞர் லின்னேயசு தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டி வகுத்தபோது இப்பெயரையும் நிலைநிறுத்தினார். ஐந்து கேசரங்கள் கொண்டவற்றை அசேலியா என்றும், பத்துக் கொண்டவற்றை றொடோடென்றன் என்றும் அவர் பிரித்தார். அப்பிரிவு நிலைக்கவில்லை. 1834 இல் ஜோர்ஜ் டொன் என்பவர் இரண்டையும் றொடோடென்றன் என்ற ஒரே இனத்தில் அடக்கினார். எனினும் தோட்டக்காரர்களின் வழக்கில் அசேலியா என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. அறிஞர் கழித்த பெயரை மக்கள் காத்து வைத்திருப்பது மொழி வரலாற்றில் புதியதன்று.

வளராத செடியின் வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு பூ எப்போது 'காட்டுப் பூ' ஆகிறது, எப்போது 'தோட்டப் பூ' ஆகிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவுக்கு அசேலியாவின் கதையைப் போலத் தெளிவான விடை தரும் கதை பிறிதொன்றை நான் அறியேன். அவ்விடை நமது ஊருக்கும் பொருந்துவது.

இலையுதிர்க்கும் அசேலியாக்களில் ஏறத்தாழப் பதினைந்து இனங்கள் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரியன. அங்குள்ள மலைச்சாரல்களிலும் ஓடைக்கரைகளிலும் அவை தாமாகவே வளர்ந்தன. குடியேறிய ஐரோப்பியருக்கு அவை வெறும் பற்றைகள். வெட்டி எரித்துப் பயிர்நிலமாக்க வேண்டியவை. ஆனால் கடல் கடந்ததும் அவற்றின் தகுதி மாறிவிட்டது. 1680 அளவில் ஜோன் பனிஸ்ரர் என்ற பாதிரியார் வர்ஜீனியாவிலிருந்து இலண்டன் பேராயர் ஹென்றி கொம்ப்டனுக்கு அனுப்பிய செடிகளுள் சதுப்பு நில அசேலியாவும் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவைச் சேர்ந்த உழவர் ஜோன் பார்ட்ரம், விதைகளையும் செடிகளையும் பெட்டிகளில் அடைத்து இலண்டன் வணிகர் பீற்றர் கொலின்சனுக்கு அனுப்பினார். பிரபுக்கள் பணம் கட்டி அப்பெட்டிகளைப் பெற்றனர். ஓரிடத்தில் விறகாகக் கருதப்பட்ட செடி மற்றோரிடத்தில் மாளிகையின் அணிகலனாயிற்று.

ஜோன் பார்ட்ரமின் மகன் வில்லியம் 1775 இல் செரோக்கி மக்களின் மலைநாட்டினூடே பயணம் செய்தார். 1791 இல் வெளிவந்த அவரது பயண நூல், தீச்சுடர் அசேலியா பூத்த மலைச்சரிவுகள் தீப்பற்றி எரிவதாகவே தோன்றிய காட்சியை வருணிக்கிறது. அந்நூலை ஐரோப்பியக் கவிஞர்கள் விரும்பிப் படித்தனர். அசேலியா புகழ் பெற்றது. அசேலியாவின் நாட்டினர் என்ன ஆயினர்? 1830 இல் அமெரிக்க அரசு பழங்குடியினரை அகற்றும் சட்டத்தை இயற்றியது. 1838 இல் படைவீரர்கள் செரோக்கி மக்களை வீடுகளிலிருந்து இழுத்துச் சென்று முகாம்களில் அடைத்து, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தினர். ஏறத்தாழ 16,000 பேர் அவ்வழியே ஓட்டப்பட்டனர். நாலாயிரம் பேர்வரை இறந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. கண்ணீர்ப் பாதை என்று வரலாறு அதற்குப் பெயரிட்டுள்ளது.

ஏறக்குறைய அதே காலத்தில், பெல்ஜியத்தின் கென்ற் நகரில் மோர்ட்டியே என்ற வெதுப்பகக்காரர் அமெரிக்க அசேலியாக்களையும், கருங்கடற் பகுதியிலிருந்து வந்த மஞ்சள் அசேலியாவையும் கலந்து புதிய வகைகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். பாண் சுட்டு வாழ்ந்த ஒரு தொழிலாளி ஓய்வு நேரத்தில் செய்த அப்பணியைக் குறை கூறுவதற்கில்லை. உழைக்கும் கைகள் அழகையும் நாடும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதன் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கென்ற் வகைகள் இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே நாற்றுப்பண்ணை முதலாளிகளின் கையிலும், பின்னர் எக்ஸ்பரியில் றொத்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தாரின் தோட்டத்திலும் பெருகின. பின்பு விலைப்பட்டியலில் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பின. தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் பூத்த செடியின் பேரப்பிள்ளையை அமெரிக்கர் காசு கொடுத்து வாங்கி முன்வாசலில் நட்டனர். கலப்பற்ற சுதேச இனத்தையே வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பரவலானது மிகப் பிற்காலத்தில்தான்.

இலங்கையிலும் றொடோடென்றன் உண்டு. சிங்களத்தில் 'மஹ ரத்மல்' எனப்படும் அம்மரம் நமது நாட்டுக்குரிய ஒரே றொடோடென்றன்; என்றும் பசுமையானது; இலையுதிர்க்காது. நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்மலைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் முறுக்கேறிய கிளைகளுடன் நின்று இரத்தச் சிவப்பாகப் பூக்கும். இமயத்தில் வளரும் மரமும், நீலகிரியில் தமிழர் 'காட்டுப்பூவரசு' என்று அழைக்கும் மரமும் இதன் உடன்பிறப்புகளே. இமயத்துக்கும் தென்முனை மலைகளுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட சமவெளி கிடக்க, ஒரே மரம் இரு முனைகளிலும் நிற்பது தாவரவியலாரை நெடுங்காலம் சிந்திக்க வைத்த செய்தி.

இம்மரம் நின்ற மலைகளில்தான் நமது நாட்டின் மாபெரும் நில அபகரிப்பு நடந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும், உரிமை நிறுவப்படாதவரை முடிக்குரியவையென்று கொள்ளப்படும் என விதித்தது. மாடு மேய்த்தும் சேனை செய்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த குடியானவனிடம் ஓலையும் முத்திரையும் எங்கிருந்து வரும்? அரசுக்குரியதாக அறிவிக்கப்பட்ட காடு, அரசின் உத்தியோகத்தர் உட்பட்ட வெள்ளையருக்கு விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டமாயிற்று. 1869 இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பிடித்தது. 1873 இல், கியூ தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டலாகாது என்ற ஆணை பிறந்தது. மஹ ரத்மல் இன்றும் எஞ்சி நிற்பதற்கு அவ்வாணைக்கும் பங்குண்டு. இமயத்து றொடோடென்றன்களைப் பற்றிப் பெருநூல் செய்தவர் அந்த ஹூக்கரே. அவரது அறிவை மதிக்கிறோம். ஐயாயிரம் அடிக்குக் கீழே நின்ற காட்டுக்கும் அதை நம்பியிருந்த மனிதருக்கும் அத்தகைய ஆணை எதுவும் பிறக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்காட்டை வெட்டியவர்களுள் பெரும்பாலார் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்கள். துரையின் பங்களாவைச் சுற்றி உரோசாவும் அசேலியாவும் இங்கிலாந்தின் பூச்செடிகளும் நிறைந்த தோட்டம் எழுந்தது. அதற்கு நீரூற்றியதும் களை பிடுங்கியதும் அவர்களே. அவர்களுக்குக் கிடைத்ததோ லயக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடியான அறையின் முன்னே தகரப்பேணியில் ஒரு செடி வைக்கலாம். மண்ணில் நட்டால் அம்மண் தோட்டத்துக்குச் சொந்தம். தேயிலை அசாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த அந்நியச் செடி. அது 'இலங்கைத் தேயிலை' என்ற பெயரில் நாட்டின் அடையாளமாயிற்று. அதை நட்டு வளர்த்த மனிதனை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்நியனாக்கியது. செடிக்குக் கிடைத்த பிரசாவுரிமை மனிதனுக்குக் கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. லயத்தை விட்டு வெளியேற ஏழு பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் பேசப்பட்டதெல்லாம் 2015 க்குப் பின்னரே.

ஆகவே, 'சுதேசச் செடிகளையே வளர்ப்போம்' என்ற அழகிய முழக்கத்தைக் கேட்கும்போது சற்று நிதானிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். அம்முழக்கம் தீய கைகளுக்கும் போயிருக்கிறது. நாசி ஜெர்மனியில் தோட்டக்கலை அறிஞர் சிலர் ஜெர்மானிய நிலத்தில் ஜெர்மானியச் செடிகளே வேண்டும் என்றனர். 1942 இல் சாக்சனியைச் சேர்ந்த தாவரவியலாளர் சிலர், ஆசியாவிலிருந்து வந்து காடுகளில் பரவிய ஒரு சிறு காசித்தும்பை இனத்தை அழித்தொழிக்கும் போருக்கு அழைப்பு விடுத்தனர்; போல்ஷவிசத்துக்கு எதிரான போரோடு அதனை ஒப்பிட்டும் எழுதினர். காசித்தும்பையைக் கண்டு அஞ்சிய அவ்வாட்சி மனிதரை என்ன செய்தது என்பதை மாணவர் அறிவர்.

நமது முற்றங்களின் வரலாறும் கலப்பின் வரலாறே. 1660 இல் கொட்டியாரக் குடாவில், மூதூருக்கு அண்மையில் கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்நாட்டில் வாழ்ந்து தப்பி, 1681 இல் தம் நூலை வெளியிட்டார். மாலை நான்கு மணியளவில் மலர்ந்து காலையில் குவியும் ஒரு பூவைப் பற்றி அதில் எழுதுகிறார். முகில் மூடிய நாளில் நேரம் அறிவதற்காகவே மக்கள் அதைத் தம் தோட்டங்களில் நட்டனராம். அது நமது அந்திமந்தாரை. அதன் பிறப்பிடமோ அமெரிக்கா! ஐரோப்பியர் கடற்கரையில் கால் வைத்து ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்த அவ்வேளையில், மலைநாட்டுக் குடியானவனுக்கு அது கடிகாரமாகிவிட்டது. கோயில் வாசலில் நிற்கும் ஈழத்தலரியும் அமெரிக்க மண்ணைச் சேர்ந்ததே. தமிழர் அதற்கு ஈழத்தின் பெயரையே சூட்டிவிட்டனர். கடதாசிப்பூ பிரேசிலிலிருந்தும் செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும் வந்தன. மிளகாய் இல்லாத நமது சமையலை எண்ணிப் பார்க்க இயலுமா? இவற்றைப் பிடுங்கி எறிய வேண்டுமென்று அறிவுடையோர் சொல்லார்.

வருத்தம் தருவது வேறொன்று. வந்த செடிக்கு முன்வாசல் கிடைத்தது. இருந்த செடிக்கு வேலியும் கோடரியும் கிடைத்தன. அழகு என்ற மதிப்பை இருந்த செடிக்கு வழங்க எவரும் முன்வரவில்லை.

கோடரிக்கு ஓர் எடுத்துக்காட்டு நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. உலர்வலயக் காடுகளில் வளரும் சாவண்டலை மரத்தை மரவணிகர் உலகெங்கும் 'திருகோணமலை மரம்' என்றே அறிவர். சிங்களத்தில் அது ஹல்மில்ல. தாவரவியலார் ரொக்ஸ்பரோ அதற்குச் சென்னை மருத்துவர் அன்ரூ பெரியின் பெயரால் 'பெரியா' என்று பெயரிட்டார். துறைமுகம் கட்டப்படாத காலத்துச் சென்னையில், பேரலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்குமிடையே பொருளையும் மனிதரையும் ஏற்றிச்சென்ற மசுலாப் படகுகளுக்கு இம்மரம் பெயர் போனது. கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகு அலையில் நெளிந்து கொடுக்கும். இம்மரத்தின் உறுதியும் வளையும் தன்மையும் அதற்கு ஏற்றவை. சாராயப் பீப்பாய்க்கும் அதுவே சிறந்ததென்பர். இத்தனை பயனையும் எழுதிவைத்த உலகம், அம்மரம் கொத்துக் கொத்தாக வெண்பூப் பூப்பதையும், பின்னர் அதன் காய்களின் சிறகுகள் காற்றில் சுழல்வதையும் பேசுவதில்லை. அலங்கார மரமென்று அதைத் தேடி நட்டவரை நான் கண்டதில்லை. கன அடிக் கணக்கே அதன் வரலாறாகிவிட்டது.

வேலிக்கு எடுத்துக்காட்டு முள்முருக்கு. கோடையில் இலையெல்லாம் உதிர்த்து, வெறுங் கிளையில் செவ்வலகு போன்ற பூக்களைத் தாங்கி நிற்கும் இம்மரம் நம் கரையோரத்துக்கு உரியது. அமெரிக்கரின் தீச்சுடர் அசேலியாவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. நாமோ அதை வேலிக்கதியாலாக்கி, ஆட்டுக்குக் குழை வெட்டிப் பூக்கவிடாமலே வைத்திருக்கிறோம். திருமண வீட்டில் மட்டும் அதற்கு ஒருநாள் மரியாதை: பந்தலில் முள்முருக்கங் கதியாலை நட்டு மஞ்சள் பூசி நீர் வார்ப்பர். மறுநாள் அது மீண்டும் வேலி. உலர்வலயக் காட்டில் வளரும் புரசும் இலையற்ற கிளைகளில் செம்மஞ்சளாகப் பூத்து நிற்கும். ஆங்கிலேயன் அதனைக் 'காட்டின் சுடர்' என்று வியந்தான். தமிழ்ப் புலவனும் அதற்கு முன்பே வியந்தவன்தான். ஆனால் இன்றைய நமது பிள்ளைகளுள் எத்தனை பேர் புரசைக் கண்டறிவர்? சங்கப் பாட்டைப் பாடமாக நடத்தும் ஆசிரியருள்ளும் பலர் கொன்றைக்கும் செம்மயிற்கொன்றைக்கும் வேறுபாடு காண இடர்ப்படுகின்றனர். பூவின் பெயரைத் தேர்வுக்கு மனனம் செய்யும் கல்வியில் இது எதிர்பார்க்கத்தக்கதே. திறைமன் என்ற ஆங்கிலேயர் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் மரங்களின் தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்துள்ளார். நம் பாட்டன்மார் வாயிலிருந்து பெற்ற அப்பெயர்களை நாம் அந்நூலிலிருந்து மீளப் பெற வேண்டிய நிலையில் இருக்கிறோம். கென்ற் நகர் சென்று திரும்பிய அசேலியாவின் கதை இதுவேயன்றோ?

பூவை நடுவதற்கு முற்றம் வேண்டும். இம்மாவட்டத்தில் அதுவே பெரிய வினா. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பறித்த ஆங்கிலேயர், கடற்படைத் தளத்தை 1957 இல்தான் இலங்கை அரசிடம் கையளித்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் துறைமுகத்தின் நல்ல கரையும் நிழலும் படையினருக்கே உரியனவாய் இருந்தன. சுதந்திர நாட்டிலும் வேலி முழுவதும் அகன்றுவிடவில்லை. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்கு ஓடிவந்தவர்களுள் சிலர் இம்மாவட்டத்திலும் குடிசை போட்டனர். லயத்தை விட்டு வந்து முதன்முறையாக முற்றம் கண்ட குடும்பங்கள் அவை. பின் வந்த போர் அவர்களையும் பெயர்த்தது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுத் தொடங்கியபோது சம்பூரும் அயற்கிராமங்களும் வெறிச்சோடின. 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டது. முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015 இலும், கடற்படை முகாமின் கீழிருந்த நிலம் கட்டங்கட்டமாக 2016 மார்ச்சிலும் திரும்பி வந்தன. இடையில் கழிந்தது ஏறத்தாழப் பத்தாண்டு.

திரும்பிய மக்கள் கண்டது வீடில்லாத நிலம். மனிதர் இல்லாத பத்தாண்டில் முற்றத்தைக் காடு எடுத்துக்கொண்டிருந்தது. சுதேசச் செடிகளுக்குக் குறைவேயில்லை. எல்லாம் சுதேசச் செடிகள்தாம். கத்தியை எடுத்து அவற்றை வெட்டித்தான் தம் வளவின் எல்லையை அவர்கள் காண வேண்டியிருந்தது. காட்டுப் பூவின் அழகைப் பற்றி எழுதும் எம்மனோர் அந்தக் கத்தியைக் குறை சொல்லும் தகுதி உடையவரல்லர். வளவு தன்னுடையது என்ற உறுதி வந்த பின்னரே, எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு வருகிறது.

தெரிந்தெடுக்க விரும்புவோருக்குச் சில செய்முறைக் குறிப்புகள். முள்முருக்குக்கு விதை வேண்டியதில்லை. கைம்மொத்தக் கதியாலை ஐப்பசி மழைக்கு முன் ஊன்றினால் மழையோடு துளிர்க்கும். ஒரு கதியாலையேனும் குழை வெட்டாமல் விட்டுப் பார்க்க வேண்டும். கொன்றையின் விதை கல் போன்றது. நீண்ட காயை உடைத்தெடுத்து, விதையின் ஓரத்தைக் கரடான கல்லில் தேய்த்து, அல்லது கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்த பின் விதைத்தால் முளைக்கும். கன்று நிலைத்த பிறகு கோடையை அது தானே தாங்கும். உவர்நீரை மட்டும் வார்க்கலாகாது. ஆடும் மாடும் அண்டாமல் முதல் இரண்டு ஆண்டும் கூடு கட்டிக் காக்க வேண்டும். முதற் பூவைக் காண எவ்வாறாயினும் நாலைந்து ஆண்டுகளாகும். நட்டவர் அதுவரையும் அந்த வளவிலேயே இருக்க வேண்டும்.